கால் எட்டும் தண்ணீர்

பால் பாக்கெட் டிரேக்கள் கடை வாசலில் இறங்கும் நேரத்தில் பாபு காரை ஓட்டல் முன் நிறுத்தினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் இன்னும் முடியவில்லை. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

வித்யா வெளியே வந்தாள். ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். அவளுக்காகப் பாபுவின் காரை ஒரு வாரத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். வேலை ஒன்பது மணிக்குத்தான். விடியும் முன்பே வர முடியுமா என்று முந்தைய நாள் கேட்டிருந்தாள். காரணம் சொல்லவில்லை. தோளில் ஒரு பை இருந்தது. முடியை இறுக்கி முடிந்திருந்தாள்.

"மொட்டை மாடில நீச்சல் குளம்னு போட்டிருந்தாங்க. போய்ப் பார்த்தேன். பச்சையா இருக்குதுங்ணா. தவளை ஒண்ணு மட்டும் நீந்துது."

"அது பர்மனென்ட் ஸ்டாஃப் மேடம்."

சிரித்தாள். வேறு குளம் இருக்கிறதா என்று கேட்டாள்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒன்று இருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒருவர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"லேடீஸ் பேட்ச் பத்து மணிம்மா."

"பத்து மணிக்கு எனக்கு வேலைங்க. இப்போ யாரும் இல்லையே."

"இப்ப ஜென்ட்ஸ்."

"ஜென்ட்ஸ் யாரும் இல்லீங்களே."

"வருவாங்க."

சிறிது நேரம் நின்றார்கள். யாரும் வரவில்லை. வித்யா கம்பிகளுக்கு இடையே தண்ணீரைப் பார்த்தாள். நீல ஓடுகள் அசைந்தன. பல் தேய்ப்பவர் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி தாண்டி ஒரு ரிசார்ட்டுக்குப் போனாள். பாட்டு காதைப் பிளந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஆண்கள் கும்பலாக நின்றார்கள். யாரும் நீந்தவில்லை. அவள் ஒரு முறை அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினாள். நிமிர்ந்தபோது மூன்று போன்கள் அவளைப் பார்த்தபடி இருந்தன. துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

வழியில் பேசினாள். போகிற ஊரிலெல்லாம் தண்ணீரில் இறங்குவது அவள் வழக்கம். ஓசூரில் ஓட்டல் தொட்டி. பொள்ளாச்சியில் ஒரு கிணறு. விசாகப்பட்டினத்தில் கடல். பெட்டியில் முதலில் எடுத்து வைப்பது நீச்சல் உடைதான். ஊரின் பெயர் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை என்றாள்.

"உங்க ஊர்ல தான் தண்ணியே இல்ல."

பாபுவுக்குச் சுருக்கென்றது.

"இன்னா மேடம் இப்டி சொல்லிட்டீங்க. எங்க ஊட்டாண்ட ஏரியே கீது."

*

அயனம்பாக்கத்துக்கு அப்பால், வரைபடத்தில் பெயர் இல்லாத சின்ன ஏரி அது. ஒரு பக்கம் வீடுகள் கரையைத் தொட்டு நின்றன. சாக்கடை அந்தப் பக்கம் விழுந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இல்லை, ஆனால் நாறவில்லை. மழை நன்றாகப் பெய்த வருடம். மாசியிலும் கரை நிறைய நின்றது.

வித்யா உடனே இறங்கவில்லை. புதிய தண்ணீரில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் அவள் கால் வைத்ததில்லை.

"எங்க வரைக்குங்ணா கால் எட்டும்?"

எதிர்க்கரை ஓரமாகத் தண்ணீருக்குள்ளேயே நின்ற தலையில்லாத பனை ஒன்றைப் பாபு காட்டினான்.

"அந்த மொட்டப் பனைக்கு நேரா வரைக்கும் கழுத்து தான் மேடம். அப்பால தான் ஆழம்."

"அடியில?"

"கெட்டித் தரை. சின்ன வயசுல எரும மேல கைய வச்சிகினு நடந்தே போயிருக்கேன்."

"முள்ளு கிள்ளு?"

"எங்கப்பன் இந்த ஏரித் தண்ணில நாத்து நட்ட ஆளு மேடம். எனக்குத் தெரியாதா?"

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆரஞ்சு நிற மிதவைப் பை ஒன்றை ஊதிக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டாள். தொப்பி, கண்ணாடி. கரை ஓரமாகச் சத்தமில்லாமல் நீந்தத் தொடங்கினாள். மிதவை பின்னால் போயிற்று. பனைக்கு நேரே போய்த் திரும்பி வந்தாள். ஒரு முறைகூட நிற்கவில்லை. நீந்துகிறவள் கால் ஊன்றுவதில்லை.

பாபு கரையில் உட்கார்ந்து பார்த்தான். கர்வமாக இருந்தது. இந்த ஏரியை யாரும் அப்படிக் கேட்டு வந்ததில்லை.

மறுநாள் அவன் மனைவி சரசா கரைக்கு வந்தாள். நூம்பல் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. ஏழரைக்கு வேன் வரும். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"இதான் அந்த மேடமா? அந்த பலூன் எதுக்குயா?"

"முழுவாம இருக்க."

"அவங்களுக்கு தான் நீச்சல் தெரியுமே."

"தெரிஞ்சவங்க தான் கட்டிக்குவாங்களாம்."

சரசா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். வித்யா கரையேறியதும் நேராக அவளிடம் போனாள்.

"அக்கா, எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

"ஏய், இன்னாடி," என்றான் பாபு.

"நீ சும்மா இரு." வித்யாவிடம் திரும்பினாள். "ஒவ்வொரு மழைக்கும் தண்ணி எங்க ஊட்டுக்குள்ள வருதுக்கா. கட்டில் மேல ஏறி நின்னுகினு பாத்துக்கினே இருப்பேன். முட்டி வரைக்கும் வரும், இடுப்பு வரைக்கும் வரும். அது உள்ள வருது. நான் தான் அது உள்ள போனதே இல்ல."

வித்யா அவள் உடையைப் பார்த்தாள்.

"நாளைக்கு பேன்ட் போட்டுட்டு வாங்க. துப்பட்டா வேண்டாம்."

*

சரசா பாபுவின் டிராக் பேன்ட்டும் கம்பெனி டிஷர்ட்டும் போட்டுக்கொண்டு இறங்கினாள். முதல் நாள் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே அரை மணி ஆயிற்று. கரையில் இரண்டு பெண்கள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சரசா, மீன் புடிச்சா எங்களுக்கும் குடுடீ!"

"உனக்குத் தவள தான்!" என்று கத்தினாள் சரசா. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசிப் பாபு கேட்டதில்லை.

அடுத்த நாள் மிதவையைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். வித்யாவின் இரண்டு உள்ளங்கைகள் அவள் முதுகுக்குக் கீழே இருந்தன. பிறகு ஒன்று. இரவு சாப்பிடும்போது சரசா தட்டை வைத்துவிட்டுக் கைகளை அகல விரித்துக் காட்டினாள். காதுக்குள் தண்ணீர் போனால் ஊர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றாள். பஸ், மைக் செட், மாமியார், எதுவும்.

"எங்கம்மா செத்து மூணு வருசம் ஆச்சு."

"ஆனாலும் கேக்குதுல்ல," என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். வித்யாவுக்கு மாலையில் ரயில்.

"இன்னிக்கு பலூன் வேணாங்கா," என்றாள் சரசா.

வித்யா பாபுவைப் பார்த்தாள்.

"எங்க நின்னாலும் கழுத்து தானுங்ணா?"

"பனைக்கு நேரா போற வரைக்கும் பயமே இல்ல மேடம்."

வித்யா மிதவையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள். இருவரும் இறங்கினார்கள். கரையோரம் மெல்ல மெல்லப் பனைப் பக்கம் நகர்ந்தார்கள். சரசா மல்லாந்து படுத்தாள். கால்களை மட்டும் அடித்தாள். வித்யா பக்கத்தில் நீந்தினாள். கை அவள் மேல் படவில்லை.

வீராசாமி பைக்கைக் கரை மேல் ஏற்றி நிறுத்தினான். பாபுவின் பழைய கூட்டாளி. இப்போது பாரிவாக்கத்தில் அடுக்குமாடி ஒன்றுக்கு செக்யூரிட்டி. இரவு டியூட்டி முடிந்து வந்திருந்தான். யூனிபார்ம் சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன. கவரில் டீ கட்டிக்கொண்டு வந்து இரண்டு பேப்பர் கப்பில் ஊற்றினான்.

"இன்னா மாமே, ஊட்டுக்காரிய ஒலிம்பிக்குக்கு அனுப்பறியா?"

"மூட்றா."

"பலூன் எங்க? நேத்து பலூன் கட்டிகினு மெதந்துதாமே. எங்க அபார்ட்மென்ட் வாட்டர் கேன் போடறவன் வரைக்கும் பேசறான்."

"இன்னிக்கு வேணாம்னுச்சு. கழுத்தளவு தான. இன்னா ஆவப் போவுது?"

வீராசாமி டீயை ஊதினான். தண்ணீரைப் பார்த்தான்.

"எங்க கழுத்தளவு?"

"பனைக்கு நேரா வரைக்கும்."

"யாரு சொன்னது?"

"நான் தான்."

"டேய்," என்றான் வீராசாமி. "நம்ம லாரி உள்ள எறங்க ரேம்ப் எங்கடா போட்டாங்க?"

பாபு கப்பைக் கீழே வைத்தான்.

"பொக்லைன் எங்க நின்னுகினு நோண்டிச்சு? பனைக்கு இந்தாண்ட தான? உள்ள எறங்குனா மேல நிக்கறவனுக்கு வண்டிக் கேபினே தெரியாது. உன் ஊட்டுத் தரைய ஒசத்த ரெண்டு லோடு அங்கேர்ந்து தான அட்ச்சே. மறந்துட்டியா நைனா?"

மறக்கவில்லை. இரண்டு கோடைக்கு முன் ஏரியைத் தூர் வாரினார்கள். பாபு அப்போது டிப்பர் லாரி ஓட்டினான். ஏரி வெடித்துக் காய்ந்து கிடந்தது. விளக்குப் போட்டு இரவெல்லாம் மண் எடுத்தார்கள். புழுதி, டீசல், ரிவர்ஸ் எடுக்கும்போது அலறும் ஹாரன். அது அவனுக்கு ஒரு வேலை இடம். அங்கே தண்ணீர் இல்லை. இந்த ஏரியில் தண்ணீர் இருந்தது. எருமையோடு நடந்த ஏரி இது. இரண்டும் ஒரே இடம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வித்யா கேட்டபோது வாயில் வந்தது எருமை நடந்த ஏரிதான். லாரி இறங்கிய ஏரி வரவில்லை.

அவன் எழுந்தான். சரசா பனைக்கு இந்தப் பக்கம் மிதந்துகொண்டிருந்தாள். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. கைகள் அகலமாக விரிந்திருந்தன. வித்யா ஒரு கை தூரத்தில் இருந்தாள்.

"சரசா!"

அவன் குரல் ஏரி முழுவதும் கேட்டது. காதுக்குள் தண்ணீர் இருந்தும் அவளுக்குக் கேட்டது. புருஷன் கூப்பிட்டால் எந்த வேலையையும் நிறுத்திவிட்டு நிமிர்கிறவள். நிமிர்ந்தாள். நிற்பதற்காகக் காலைக் கீழே விட்டாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

சத்தம் இல்லை. ஒரு கை மட்டும் மேலே வந்தது. விரல்கள் மடங்கின. அதுவும் போயிற்று.

வித்யா உள்ளே முழுகினாள். மிதவை அவளை மேலே இழுத்தது. இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி முழுகினாள். பாபு செருப்போடு குதித்தான். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. சேறு கலங்கி எதுவும் தெரியவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தான். பாதத்தின் கீழே தரை முடிந்தது. சரிவு இல்லை. சுவரைப்போல நேராக இறங்கியது. பொக்லைன் பல் வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது. அதைக் காலால் தடவினான். அதற்கு மேல் அவனால் போக முடியவில்லை. எருமை வாலைப் பிடித்துக்கொண்டு கற்ற நீச்சல் அந்த விளிம்பு வரைக்கும்தான்.

வித்யா மேலே வந்தாள். வெறுங்கை. மூச்சு வாங்கினாள். முழுகினாள்.

கரையில் துணி துவைத்த பெண்கள் கத்தினார்கள். வீராசாமி யூனிபார்மோடு தண்ணீரில் இறங்கி, ஒரு சேலையை எறி, எறி என்று அவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டான்.

மறுபடி மேலே வந்தபோது வித்யாவின் கையில் முடி இருந்தது. முடியைத் தொடர்ந்து தலை வந்தது. சரசா அவள் மேல் ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். வித்யா வேண்டுமென்றே இன்னும் கீழே இறங்கினாள். பிடி விட்டது. பின்பக்கமாக வந்து சரசாவின் மோவாயைப் பிடித்து இழுத்தாள். எறிந்த சேலையின் நுனி பாபுவின் தோளில் விழுந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினான்.

கரையில் சரசா குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தாள். பழுப்புத் தண்ணீர். பிறகு இருமினாள். இருமல் வந்தபோது வித்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கழுத்தில் நகக்கீறல்களிலிருந்து ரத்தம் கசிந்தது.

வீராசாமி பாபுவின் காதருகே குனிந்தான்.

"சொல்லாத மச்சான். உசுரு கீதுல்ல. வுடு."

*

அம்பத்தூரில் ஒரு கிளினிக்கில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயங்காலம் வரை மூச்சு இரைக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"வழுக்கிட்ச்சு சார்," என்றான் பாபு.

சரசா அவனைப் பார்த்தாள். தொண்டை கட்டியிருந்தது.

அவளை வீட்டில் விட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு, பாபு வித்யாவை ஓட்டலுக்கு அழைத்துப் போனான். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மதியத்துக்கு மேல் சென்ட்ரலுக்குக் கிளம்பினார்கள். கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். திருமங்கலம் தாண்டியதும் பேசினாள்.

"அந்தப் பலூனை நான் அவங்களுக்குக் கட்டியிருக்கணுமுங்ணா."

பாபு சாலையைப் பார்த்தான்.

"நான் போய் நின்னு பார்த்திருக்கணும். இத்தனை நாள் நீந்தியும் ஒரு இடத்துலயும் கால் வைக்கல. எல்லா ஊர்லயும் கேட்டுட்டுத் தான் இறங்குவேன். கேட்டது போதும்னு நெனச்சுட்டேன்."

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம்."

"அந்தப் பள்ளம் எப்படி வந்ததுங்ணா?"

சிக்னல் விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"ஏரி தான மேடம்," என்றான். "உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்."

அவள் தலையசைத்தாள். சென்ட்ரலில் இறங்கும்போது, சரசாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். அவன் கூப்பிட்டிருக்கலாம். கார்க் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டிருந்தாள். சரசா தரையில் உட்கார்ந்து முடியில் சிக்கியிருந்த சேற்றைச் சீப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். டிராக் பேன்ட்டும் டிஷர்ட்டும் துவைத்துக் கொடியில் தொங்கின.

"மூச்சு?"

"சரியா கீது."

"கஞ்சி குடிச்சியா?"

"ம்."

"மேடம் உன்னாண்ட மன்னிப்புக் கேட்டுச்சு."

"அவங்க எதுக்கு?" குரல் கரகரத்தது. "அவங்க தான் தூக்குனாங்க."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். லாரி என்று தொடங்க வேண்டும். அதற்கு முன் ஒரு சொல் தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை. தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

"இனிமே அந்தப் பக்கம் போவாத," என்றான்.

சரசா சீப்பைக் கீழே வைத்தாள்.

"நான் முழுகலய்யா. மெதந்துகினு தான் இருந்தேன். அக்கா கைகூட இல்ல. நானே. எவ்ளோ நேரம்னு தெரியல, ஆனா நானே மெதந்தேன். ஒரு சத்தமும் கேக்கல. அப்பால உன் கொரலு கேட்டுது."

அவன் செம்பைக் கவிழ்த்து வைத்தான்.

"உன் கொரலு அப்டி நான் கேட்டதே இல்ல. இன்னாவோ தெரிஞ்சவன் மாதிரி கூப்ட்ட."

வெளியே யாரோ பைக்கை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பிக்கொண்டு போனார்கள். சரசா அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுயா. எதுக்கு என்னைக் கூப்ட்ட?"